கிளாஸ் 2 என்றால் எந்த கிளாஸ் 2?

வாசகர் ஒருவரின் கேள்வி: 3 ஜூன் 2024

"ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நிற்க வேண்டும். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. மாலையானால் கணுக்கால் வீங்கிக் கொலுசு இறுக்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் 'கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ், முழங்கால் வரை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு சர்ஜிக்கல் கடைகளில் கேட்டேன். இரண்டு பெட்டிகளிலும் கிளாஸ் 2 என்றே அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஒன்று கையை நுழைத்தாலே நெரிக்கிறது, மற்றொன்று சாதாரணக் காலுறை போல இருக்கிறது. இறுக்கமானதுதான் சீக்கிரம் குணமாக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்குவது?"

3 ஜூன் 2024, இரவு

இறுக்கமானது சீக்கிரம் குணமாக்கும் என்பது தவறு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே பேச்சை நம்பி 3,800 ரூபாயைத் தொலைத்தவன் நான். அந்தக் கதை பிறகு.

இரண்டு பெட்டிகளும் கிளாஸ் 2 என்பதில் பொய் இல்லை. காலுறையின் அழுத்தத்தைக் குறிக்கும் கிளாஸ் என்பது படிக்கல்லைப் போல எங்கும் ஒரே எடையாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஜெர்மானியத் தர முறையில் கிளாஸ் 1 என்பது 18 முதல் 21 மி.மீ. பாதரச அழுத்தம், கிளாஸ் 2 என்பது 23 முதல் 32, கிளாஸ் 3 என்பது 34 முதல் 46, 49-க்கு மேல் போனால் கிளாஸ் 4. பிரிட்டிஷ் தரத்தில் கிளாஸ் 1 என்பது 14 முதல் 17, கிளாஸ் 2 என்பது 18 முதல் 24, கிளாஸ் 3 என்பது 25 முதல் 35. பிரெஞ்சு முறையில் கிளாஸ் 2 என்பது 15-இல் தொடங்கி 20-இலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் 15–20, 20–30, 30–40 என்று அழுத்தத்தையே நேரடியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆக, ஜெர்மானிய கிளாஸ் 1-ஐவிடப் பிரெஞ்சு கிளாஸ் 2 இலேசானதாகக்கூட இருக்கலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் மி.மீ. அளவு இருக்கும். அதைப் படியுங்கள். அந்த அளவை அச்சிடாத பெட்டியை வாங்க வேண்டாம். மருத்துவரிடம் எத்தனை மி.மீ. என்று கேட்டு, சீட்டில் எண்ணாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4 ஜூன் 2024

அந்த எண் காலின் எந்த இடத்துக்கு உரியது என்பதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன். கணுக்கால் எலும்புக்கு மேலே, கால் மிகவும் மெலிந்திருக்கும் இடத்துக்கு உரியது. கொலுசு தங்கும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மேலே போகப் போக அழுத்தம் குறையும்படி காலுறையைப் பின்னியிருப்பார்கள். ஆகவே 30 மி.மீ. என்று போட்ட காலுறை கெண்டைச்சதையில் 30-ஐக் கொடுக்காது, அப்படிக் கொடுக்கவும் கூடாது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எனவே கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்துக்கு இரத்தம் ஒரு தூணாக நிற்கிறது. அந்தத் தூண் கணுக்காலில் உள்ள சிரையை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயை (நீங்கள் நரம்பு என்று எழுதியது இதைத்தான்), 90 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்துகிறது. நடந்தால் கெண்டைச்சதை இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்ப இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடுகிறது. வால்வு பழுதானவருக்கு எவ்வளவு நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. நடக்காமல் ஒரே இடத்தில் நின்று சேலையை விரித்து மடிப்பவருக்கோ வால்வு நன்றாக இருந்தாலும் இறங்குவதற்கு வாய்ப்பே இல்லை.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்று ஒரு பொறியாளர் இருந்தார். அவரே சிரை நோயாளி. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் வலி குறைவதைக் கவனித்து, ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதே காரணம் என்று கண்டுகொண்டு, அதே போலக் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். இதைப் படித்தபோது எனக்குக் கும்பகோணத்தில் காவிரிப் படித்துறைதான் நினைவுக்கு வந்தது. சென்ற ஆடிப்பெருக்கன்று இடுப்பளவு நீரில் கால் மணி நேரம் நின்றபோது என் இடது காலைச் சுமப்பதே தெரியவில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 7.35 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். அவ்வளவு சிறிய அழுத்தமே போதுமானதாக இருந்திருக்கிறது.

5 ஜூன் 2024

நேற்றைய கணக்கு தவறு. ஒரு மீட்டர் நீர் என்பது 7.35 சென்டிமீட்டர் பாதரசம், அதாவது 73.5 மில்லிமீட்டர். காலையில் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அலகை மாற்றாவிட்டால் அரை மதிப்பெண் என்று எங்களுக்குக் குறைப்பீர்களே" என்றார். குறைத்துக்கொள்கிறேன்.

ஆனால் தவறு கணக்கோடு நிற்கவில்லை. "சிறிய அழுத்தமே போதும்" என்று அதிலிருந்து நான் எடுத்த முடிவும் விழுந்துவிட்டது. இடுப்பளவு நீர் வழக்கமான காலுறை எதுவும் தராத அழுத்தத்தைத் தந்திருக்கிறது. முழங்காலளவு நீர், அதாவது 45 செ.மீ. ஆழம், 33 மி.மீ. தரும்; அது ஜெர்மானிய கிளாஸ் 2-ஐத் தாண்டியது. நீர் தோலை எல்லாப் பக்கமும் சமமாகச் சூழ்ந்துகொள்வதால் அந்த அழுத்தம் நமக்கு உறைப்பதில்லை. துணி அப்படிச் சூழாது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

7 ஜூன் 2024

3,800 ரூபாய்க் கதை.

2016-இல் என் இடது காலில் புடைப்பு தெரிந்தது. மருத்துவரிடம் போவதற்கு முன்பே இணையத்தில் தேடி, நான்கு வகை அழுத்தங்களில் விலை கூடிய 30–40 மி.மீ. காலுறையை வரவழைத்தேன். விலை கூடியதுதான் வலிமையானது, வலிமையானதுதான் நல்லது என்று எண்ணிய எனக்கு, வகுப்பறையில் மாணவர்களைக் கேட்கச் சொன்ன கேள்விகளில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. முதல் நாள் நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேர்வடம் இழுப்பது போல இழுத்து முழங்கால் வரை ஏற்றுவதற்குள் பள்ளியில் முதல் மணி அடித்துவிட்டது. குதிகாலுக்கான பை குதிகாலில் உட்காரவில்லை; அதற்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. துணி மிஞ்சியதால் முழங்காலுக்குக் கீழே மேல்விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டேன்.

அந்த மடிப்பே நான் செய்ததில் பெரிய முட்டாள்தனம். துணி இரண்டு அடுக்கானால் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. கீழே அதிகம், மேலே குறைவு என்று கணக்குப் பார்த்துப் பின்னியதை நான் தலைகீழாக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு கயிற்றைக் கட்டியது போலச் செய்திருக்கிறேன். இரவு கழற்றியபோது விரல் ஆழத்துக்குப் பள்ளம். அதற்குக் கீழே காலுறை இல்லாத நாளைவிட அதிக வீக்கம். இரண்டாம் நாளும் அணிந்தேன். மூன்றாம் நாள் அது பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு செய்தி: பெட்டியில் இருக்கும் எஸ், எம், எல் என்ற அளவும் அழுத்த எண்ணும் வெவ்வேறு. இறுக்கம் கூட வேண்டும் என்று ஓர் அளவு சிறியதை வாங்கினால் கிளாஸ் 1 என்பது கிளாஸ் 2 ஆகிவிடாது. எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு துணி ஆகிவிடும். பின்னாளில் ஒரு கடையில் என் செருப்பின் அளவைக் கேட்டுக் காலுறை எடுத்துக் கொடுத்தார்கள். செருப்பு அளவு பாதத்தின் நீளம். காலுறைக்கு வேண்டியது கணுக்காலின் சுற்றளவு, கெண்டையின் சுற்றளவு, முழங்காலுக்குக் கீழ்ச் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இஞ்ச் டேப்பை எடுக்காத கடையிலிருந்து பெட்டியோடு வெளியே வர வேண்டாம். காலையில் எழுந்தவுடன் வீக்கம் வடிந்திருக்கும்போது அளந்து, எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவது அதைவிட நல்லது. மாலையில் அளந்தால் வீக்கத்துக்குத்தான் காலுறை வாங்குவீர்கள்.

8 ஜூன் 2024

மெட்டியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், விரல் திறந்த காலுறை கிடைக்கிறது. செருப்பும் மாட்டிக்கொள்ளலாம், ஈரத் தரையில் விரல் பகுதி நனைந்து ஊறாது. கொலுசு மட்டும் காலுறைக்கு உள்ளே இருக்கக் கூடாது.

9 ஜூன் 2024

துணி நீரைப் போலச் சூழாது என்று சொன்னேன் அல்லவா? லாப்லாஸ் விதிப்படி, ஒரே இழுவிசையில் கட்டிய துணி, வளைவு கூர்மையாக உள்ள இடத்தில் அதிகமாகவும் தட்டையான இடத்தில் குறைவாகவும் அழுத்தும். ஆரம் இரு மடங்கானால் அழுத்தம் பாதி. முன்காலின் எலும்பு விளிம்பு, கணுக்கால் முட்டி, குதிகாலுக்குப் பின்னுள்ள தசைநாண் ஆகியவை கூர்மையானவை. பெட்டியில் போட்ட 25 அந்த இடங்களில் 25-ஆக இராது. கணுக்கால் முட்டிக்குப் பின்னால் உள்ள குழியிலோ துணி தொடாமல் பாலம் போலத் தாண்டிப் போய்விடும். சிரைப் புண் பெரும்பாலும் உட்புறக் கணுக்காலைச் சுற்றித்தான் வருகிறது என்பதால், புண் உள்ளவர்களுக்குச் சில மருத்துவர்கள் அந்தக் குழியில் ஸ்பாஞ்சு வைத்து அதன் மேல் கட்டுகிறார்கள். மெலிந்த கால் உள்ளவர்களுக்கு ஒரே காலுறை கூடுதலாக அழுத்தும் என்பதற்கும் இதுவே காரணம்.

11 ஜூன் 2024

மேலே எழுதியதையெல்லாம் விட முக்கியமானது இது. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

காலுறை சிரைக்காக. ஆனால் அது தமனியையும் சேர்த்துத்தான் அழுத்துகிறது. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி ஏற்கெனவே அடைபட்டிருந்தால், வெளியிலிருந்து 25 மி.மீ. அழுத்துவது மெலிந்த வாய்க்காலின் மேல் கல்லை வைப்பதாகும். அதனால் அழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கணுக்காலில் ஒரு முறை, கையில் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 112 என்றால் விகிதம் 0.8. விகிதம் 0.6-க்குக் கீழே போனாலோ கணுக்கால் அழுத்தமே 60-க்குக் குறைவாக இருந்தாலோ காலுறை கூடாது. அதற்கும் 0.9-க்கும் இடைப்பட்டவர் மருத்துவரின் கண்காணிப்பில் இலேசானதை மட்டும் அணியலாம். இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மரத்துப்போன காலில் துணி அறுத்தாலும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாயின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்த மகன், தன்னுடைய காலுறையையே அவருக்கு மாட்டிவிட்டார். மாலையில் கழற்றியபோது முன்காலில் எலும்பை ஒட்டி நீளமாகச் சிவப்புக் கோடு. அந்த அம்மாள் வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை, அவருக்கு வலிக்கவில்லை.

12 ஜூன் 2024

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியிருக்கும் தன் அக்காவுக்கு எந்த கிளாஸ் என்று மற்றொருவர் கேட்கிறார். அது வேறு ஊர், வேறு வழி. அங்கே தேங்குவது நிணநீர். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு வரும் அந்த வீக்கத்துக்கு, முதலில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் சில வாரங்கள் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்க வேண்டும். இறங்கி நின்ற பிறகே கைக்குழாய்க்கு, அதாவது கையில் மாட்டும் அழுத்த உறைக்கு, அளவெடுக்க வேண்டும். வீங்கிய கைக்கு வாங்கினால் வீக்கத்தைக் காப்பாற்றி வைக்கும் உறைதான் கிடைக்கும். கைக்குழாய் மட்டும் போட்டு விரல்களை விட்டுவிட்டால் புறங்கை உப்பிவிடும். அதற்கெனத் தனியாகக் கையுறையும் வேண்டியிருக்கலாம்.

துணியின் வகையும் மாறும். சிரைக்கான காலுறைகள் குழாயாக வட்டத்தில் பின்னியவை, தையல் இராது, மெல்லியவை. நிணநீர் வீக்கத்துக்குத் தட்டையாகப் பின்னி ஓரம் சேர்த்துத் தைத்தவையே பொருத்தம். அவை தடித்தவை, விறைப்பானவை, மடிப்புகளுக்குள் வெட்டிக்கொண்டு இறங்காதவை. இங்கே எண்ணை விட விறைப்பே வேலை செய்கிறது.

கும்பகோணத்துக்காரனுக்கு இது புதிய செய்தி இல்லை. யானைக்கால் என்றால் எங்கள் ஊரைச் சொல்லிக் கேலி செய்த காலம் உண்டு. இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப்போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கிருமி இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வரும். என் பெரியப்பாவின் காலுக்கு யாரும் கிளாஸ் எழுதித் தரவில்லை. காலை மாலை சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி, திண்ணையில் தலையணை மேல் தூக்கி வைத்துக் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்வார். இன்றும் அந்த நோய்க்குத் தோல் பராமரிப்புதான் முதலில்; அழுத்தம் அதற்குப் பிறகு.

20 ஜூன் 2024

"கழற்றாமல் அணியக்கூடிய குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம்" என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன். எழுதியதிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

அதில் பாதி உண்மை. கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. காலில் ஆழ்சிரை இரத்தக்கட்டி வந்த 806 பேருக்கு, ஒரு பாதியினருக்கு 30–40 மி.மீ. காலுறையும் மறு பாதியினருக்கு அழுத்தமே இல்லாத போலிக் காலுறையும் கொடுத்து இரண்டாண்டுகள் பார்த்தார்கள். கட்டிக்குப் பின் காலில் நீடிக்கும் வலி, வீக்கம் போன்ற பின்விளைவைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று முடிந்தது. ஆனால் இரண்டாண்டுகளின் முடிவில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் ஒழுங்காக அணிந்துகொண்டிருந்தார்கள் என்பதால் அந்த முடிவின் மேல் இன்றும் விவாதம் நடக்கிறது. பீரோ மேல்தட்டு என் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரிந்து எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

மறு பாதி என் காலிலேயே இருக்கிறது. 2017-இல் மருத்துவர் சொன்னபடி அளவெடுத்து வாங்கிய 15–20 மி.மீ. காலுறையை ஐந்தாண்டுகள் அணிந்தேன். கனம் குறைந்தது, மாலை வீக்கம் குறைந்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன். 2022-இல் உட்புறக் கணுக்காலுக்கு மேலே தோல் காப்பிக் கறை போலக் கறுத்துக் கெட்டிப்பட்டிருப்பதை என் மகள்தான் முதலில் பார்த்தாள். வலி போனதால் நோயும் அங்கேயே நின்றுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தோல் மாறிய பிறகு இலேசான காலுறை போதாது என்று தஞ்சாவூரில் மருத்துவர் 23–32-க்கு ஏற்றினார். பழுதான சிரையை லேசர் வைத்து அடைப்பதைப் பற்றியும் பேசினார்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2013 முதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சிரையை அடைக்கும் சிகிச்சை பொருந்தக்கூடியவருக்குக் காலுறையையே சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம். காலுறை சுருண்ட சிரையை நேராக்காது. அணிந்திருக்கும்வரை வேலை செய்யும், கழற்றினால் நின்றுவிடும்.

ஆகவே என் வாக்கியத்தைத் திருத்துகிறேன். புடைப்பும் மாலை வீக்கமும் மட்டும் என்றால், நாள் முழுதும் அணிய முடிகிற குறைந்த அழுத்தத்தில் தொடங்கலாம். தோல் கறுத்திருந்தாலோ புண் வந்து ஆறியிருந்தாலோ குறைந்ததைத் தேடக் கூடாது. தாங்க முடிகிற அதிகத்தைத் தேட வேண்டும். திறந்த புண்ணுக்குக் கணுக்காலில் 40 மி.மீ. வரை போகிறார்கள். அதை ஒரே காலுறையாக ஏற்ற முடியாதவர்களுக்கு இலேசான ஒன்றின் மேல் மற்றொன்று என்று இரண்டடுக்காகக் கொடுப்பதுண்டு. அழுத்தங்கள் ஏறக்குறையக் கூட்டுத்தொகையாகச் சேரும். நான் மடிப்பில் தெரியாமல் செய்ததையே அங்கே முழு நீளத்துக்கும் அறிந்து செய்கிறார்கள்.

21 ஜூன் 2024

இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் மருத்துவமனையில் போட்ட வெள்ளைக் காலுறையை வீட்டில் நடக்கும்போதும் அணியலாமா என்று கேட்டவருக்கு: அது படுத்திருப்பவருக்கானது. படுக்கையில் கணுக்கால் சிரையின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் 18 மி.மீ. அளவே போதும். நிற்பவரின் 90-க்கு முன்னால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

2 ஜூலை 2024

11 ஜூன் குறிப்பில் "எனக்குத் தெரிந்த ஒரு வீடு" என்று எழுதினேன். அது என் வீடு. அந்த மகன் நான். முன்காலில் கோடு விழுந்தது என் அம்மாவுக்கு.

சென்ற மார்கழியில் நடந்தது. அம்மாவுக்கு 82 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டு கால்களும் வீங்கின. எனக்கு 23–32 நன்றாக வேலை செய்கிறது, என் புதிய ஜோடி ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, அம்மாவின் கணுக்கால் என்னுடையதை விட மெல்லியது. இம்மூன்றையும் கூட்டி "தாராளமாகப் போடலாம்" என்று முடிவு செய்தேன். மெல்லிய காலில் அழுத்தம் கூடும் என்பதை இங்கே உங்களுக்கு இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேனே, அன்று காலை அது என் நினைவுக்கே வரவில்லை. கோட்டைப் பார்த்த பிறகு கட்டைவிரலுக்கு மேலே புறங்காலில் நாடி பார்த்தேன். கிடைக்கவில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் கையில் 150, கணுக்காலில் 205, விகிதம் 1.37. ஒன்றுக்கு மேல் வந்ததால் நல்லது என்று நினைத்தேன். மருத்துவர் தலையசைத்தார். நாள்பட்ட சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும், கருவியின் பட்டை அதை நசுக்க முடியாமல் எண் பொய்யாக ஏறும், 1.3-ஐத் தாண்டினால் அந்த விகிதத்தை நம்பக் கூடாது என்றார். காலின் பெருவிரலில் சிறிய பட்டையைச் சுற்றி மறுபடி அளந்தார்கள்: 38. அங்கே 30-க்குக் கீழே என்றால் காலுறை அறவே கூடாது. 38 என்பது அந்த வாசலில் நிற்பது.

வீக்கத்துக்குக் காரணம் சிரையே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் மாத்திரையை இரு மடங்காக்கியிருந்தார்கள்; கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையின் அறிந்த பக்கவிளைவு. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்; பகலெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்காராமல் இடையிடையே படுக்கச் சொன்னார். சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிட்டது. அம்மாவுக்குச் சரியான அழுத்தம் எத்தனை மி.மீ. என்றால், பூஜ்யம்.

மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நான் காலுறையை நானாகவே மாட்டியதற்குச் சமமாகும் அது.

3 ஜூலை 2024

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உன் சாக்ஸ் வெதுவெதுப்பாக நன்றாகத்தானே இருந்தது" என்கிறார்.

14 ஜூலை 2024

எப்படி மாட்டுவது என்று நால்வர் கேட்டுவிட்டார்கள். குதிகால் வரை காலுறையை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்காரவைத்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்; விளிம்பைப் பிடித்து இழுக்காமல், பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேலே தள்ள வேண்டும். விரல் திறந்த காலுறைக்கு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் வழுக்கி ஏற்றிவிட்டுப் பையை விரல் பக்கமாக உருவிக்கொள்ளலாம்.

எழுந்தவுடன் படுக்கையிலேயே அணிய வேண்டும் என்று எல்லாப் பெட்டிகளிலும் எழுதியிருக்கிறது. காலையில் குளிக்காமல் எதையும் தொடாத வீட்டில் இது நடக்காது. குளித்து, காலை நன்றாகத் துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்துவிட்டு அணிவது என் ஏற்பாடு. ஈரக் காலில் மட்டும் முயல வேண்டாம். இரவில் கழற்றிவிடலாம், அப்போது தேங்காயெண்ணெயோ வேறு களிம்போ தடவிக்கொள்ளலாம், காலையில் தடவினால் துணியின் நெகிழிழை கெட்டுவிடும்.

சித்திரை வெயிலில் எப்படி அணிவது என்று கேட்டால், வேர்க்கத்தான் செய்யும். தொடை வரையுள்ளதைத் தேர்ந்தெடுத்தவர்கள் வைகாசிக்குள் விட்டுவிடுவார்கள். அது உருண்டு இறங்கிக் கயிறாகவும் ஆகும். பெரும்பாலோருக்கு முழங்கால் வரையே போதும்.

19 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். மருத்துவர் மனத்தில் வைத்திருந்தது 23–32. காலையில் அளந்தபோது கணுக்கால் 21 செ.மீ., கெண்டை 34. வாங்கி முதல் வாரம் ஏற்ற முடியாமல் இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனார். மூன்றாம் நாள் அணியாமல் போனார். இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நான் 2016-இல் செய்யாதது அது. தோலில் மாற்றம் இல்லை, நாடிகள் நன்றாக இருக்கின்றன என்று பார்த்து மருத்துவர் 18–21-க்கு இறக்கிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரமாக ஒரு நாளும் விடவில்லை. மாலையில் கொலுசை மாட்டிப் பார்த்தால் சுழல்கிறதாம். டிசம்பரில் மறுபடி தோலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கடையில் முக்காலி போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. முக்காலி இருக்கிறதாம். ஆடித் தள்ளுபடியில் அதன் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆவணி பிறந்து கூட்டம் குறைந்ததும் கட்டுகளை இறக்கிவிட்டு உட்கார்ந்ததாக எழுதுகிறார். உட்கார்ந்தாலும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறேன். கெண்டைச்சதை பிழிந்தால்தான் துணிக்கு வேலை.

5 டிசம்பர் 2024

என் பழைய ஜோடியையும் புதிய ஜோடியையும் மேசையில் அருகருகே விரித்துப் பார்த்தேன். ஏழு மாதம் அணிந்தது கணுக்காலில் ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது. பெட்டியில் இன்னும் 23–32 என்றுதான் இருக்கிறது. நாள்தோறும் அணிவதற்கு ஆறு மாதமே ஆயுள். முறுக்கிப் பிழிந்தாலோ வெயிலில் காயப்போட்டாலோ அதுவும் இல்லை. வாங்கிய தேதியைப் பெட்டியின் உள்மூடியில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

கறுத்த இடம் பரவவில்லை. அகலம் நான்கு செ.மீ., சென்ற ஆண்டும் அதே. லேசருக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அணிவதற்குப் புதிய அளவு எடுக்க வேண்டுமாம்: காலையில், காப்பிக்கு முன்.